ஜாவா கிராமத்தில் மதில் இல்லாத வீடு, மருமகன் பெயரில் எழுத முடியாத நிலம்

நம்மவர் ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இது: மனைவி இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்காரர். அவருடைய பெற்றோர் மத்திய ஜாவாவில் கிளாத்தென் பக்கம் ஒரு நெல் கிராமத்தில் இருக்கிறார்கள். கால் ஹெக்டேர் வயல், பழைய மர வீடு, தொழுவத்தில் இரண்டு மாடு. வீட்டைச் சுற்றி மதில் கிடையாது, வாசல் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. குடும்பத்தோடு அங்கே போய்க் குடியேறினால் பயமில்லாமல் இருக்கலாமா? நிலத்தை மருமகன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா? பட்டா, சிட்டா என்று அங்கே ஏதாவது உண்டா?

நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். பயமில்லாமல் இருக்கலாமா என்றால், தாராளமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பை ஊர்க்காரர்கள் தங்கள் தூக்கத்தைக் கொடுத்து வாங்குகிறார்கள். உங்கள் முறை வரும்போது நீங்களும் கொடுக்க வேண்டியிருக்கும். நான் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வருஷக்கணக்காகப் புழங்கியவன். பார்த்ததையும் தெரிந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எர்தே. சில பத்து வீடுகள் சேர்ந்தால் ஓர் எர்தே. அப்படிச் சில சேர்ந்தால் எர்வே. அதற்கு மேலே குக்கிராமம், அதற்கும் மேலே டேசா என்கிற ஊராட்சி. இரண்டாம் உலகப்போரில் ஜாவாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர், 1944-ல் வீடுகளைக் குழு குழுவாகப் பிரித்துக் கண்காணிக்க ஏற்படுத்திய முறை இது. ஜப்பானியர் போய்விட்டார்கள், முறை மட்டும் நிலைத்துவிட்டது. எர்தே தலைவரை எல்லோரும் 'பாக் எர்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்வது அபூர்வம். பெரிய சம்பளம் எதுவும் கிடையாது. ஆனால் யார் வீட்டில் யார் வந்து தங்கியிருக்கிறார்கள், யார் மகன் ஜகார்த்தாவிலிருந்து வேலை போய்த் திரும்பிவிட்டான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளிகள் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று தெரு முனையில் பலகை இருக்கும். சும்மா வைத்த பலகை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தம்பி ஊரிலிருந்து வந்து நாலு நாள் தங்கினாலும் சொல்லிவிடுங்கள்.

இரவுக் காவலுக்குப் பெயர் ரோந்தா. தெரு ஓரத்தில் ஓடு போட்ட சின்னக் கொட்டகை, உட்கார ஒரு மூங்கில் திண்ணை, உத்திரத்தில் தொங்கும் கெந்தோங்கான், இதுதான் காவல் சாவடி. கெந்தோங்கான் என்பது நீளவாக்கில் பிளவு விட்டுக் குடைந்த மரக்கட்டை அல்லது மூங்கில். தட்டினால் அடுத்த குக்கிராமம்வரை கேட்கும். வீட்டுக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் இரவுகளைப் பிரித்துக்கொள்வார்கள். எழுதிய முறைப்பட்டியல் சாவடிச் சுவரில் ஒட்டியிருக்கும். சீட்டாட்டம், காப்பி, கிரெதெக் சிகரெட்டின் கிராம்புப் புகை என்று நள்ளிரவு தாண்டும். பார்த்தால் வெட்டி அரட்டை போலத்தான் தெரியும். பாதிப்பேர் அரட்டைக்குத்தான் வருகிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் நடுவில் எழுந்து ஊரைச் சுற்றியாக வேண்டும். அதை உறுதி செய்ய ஓர் ஏற்பாடு இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும் சின்னத் தகர டப்பாவோ, வெட்டிய தண்ணீர் பாட்டில் அடிப்பாகமோ ஆணியடித்துத் தொங்கும். பழைய நாளில் வீட்டுக்காரி அதில் ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைப்பாள். இப்போது பெரும்பாலும் 500 ரூப்பியா நாணயம். காவலுக்குப் போகிறவர்கள் டப்பா டப்பாவாகக் கையை விட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே போவார்கள். எந்த வீட்டில் காசு இல்லை என்று நோட்டில் குறித்துக்கொள்வதும் உண்டு. இதுதான் ஜிம்பித்தான். சேரும் தொகை அற்பம்தான். தெருவிளக்கு, சாவு வீட்டுச் செலவு, சாவடிக்குக் கூரை என்று கரைந்துவிடும். ஆனால் அந்த நாணயத்தை எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஆள் போயாக வேண்டுமே! காலையில் டப்பா காலியாக இருந்தால் ராத்திரி காவல் வந்தது என்று அர்த்தம், நாணயம் அப்படியே கிடந்தால் அவர்கள் சீட்டாடிக்கொண்டே தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். காவலைக் காவல் காக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கெந்தோங்கானைத் தட்டுவதற்கும் கணக்கு உண்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பொதுவாகச் சாவடியில் எழுதிப் போட்டிருப்பது இப்படி இருக்கும்: ஒவ்வொன்றாகத் தட்டினால் கொலை அல்லது சாவு, இரண்டிரண்டாக என்றால் திருடன், மும்மூன்றாக என்றால் தீ, நான்கு நான்காக என்றால் வெள்ளம் மாதிரி பேரிடர், ஐந்தைந்தாக என்றால் கால்நடைத் திருட்டு. வீட்டில் புகுந்த திருடனுக்கு ஓர் ஓசை இருக்க, மாட்டுத் திருடனுக்குத் தனி ஓசை எதற்கு என்றால், மாடுதான் அந்த வீட்டின் வங்கிக் கணக்கு. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், மகள் கல்யாணம், ஆபரேஷன் எதுவானாலும் சந்தைக்கு ஒரு மாடு போகும். ஜாவாவில் வாரத்துக்கு 7 நாள் ஓடுவதோடு லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவொன் என்று 5 நாள் சுற்று ஒன்றும் கூடவே ஓடுகிறது. பல ஊர்களில் மாட்டுச் சந்தை அந்தச் சுற்றுப்படிதான் கூடும். இன்னொன்று, உங்கள் மாமனார் தொழுவத்தில் நிற்பது வெள்ளை நிறத்தில் திமிலோடு இருந்தால் அது ஒங்கோல் வழி வந்த மாடாக இருக்கும். டச்சுக்காரர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆந்திரத்து ஒங்கோல் மாடுகளைச் சும்பா தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஜாவா முழுக்கப் பரவிக் கலந்துவிட்டது. நம் பக்கத்து மாடுதான் என்று சொல்லிப் பாருங்கள், மாமனாரிடம் பேச்சு வளரும்.

மற்றபடி திருடு போவது என்ன? மோட்டார் சைக்கிள் முதலிடம். அப்புறம் நீர் இறைக்கும் பம்பு, கோழி. நம்மவர்கள் எதிர்பார்க்காத ஒன்று கூண்டுப் பறவை. பாட்டுப் போட்டிக்குப் போகும் சாமா பறவை ஒன்று மோட்டார் சைக்கிள் விலைக்குப் போவதுண்டு. அதனால் சாயங்காலமானால் கதவைப் பூட்டுகிறார்களோ இல்லையோ, கூண்டை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் வைத்த சில்லறை அடிக்கடி குறைந்தால் 'துயுல்' வந்துவிட்டது என்பார்கள். மொட்டைத் தலைச் சிறுவன் உருவில் திரியும் திருட்டுப் பேய் அது. திடீரென்று பணக்காரரானவர் அதை வளர்க்கிறார் என்று பேச்சு கிளம்பும். சிரித்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் அதில் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது: வெளிநாட்டுப் பணத்தில் போன உடனே இரண்டு மாடி எழுப்பி, சுற்றி 8 அடி மதில் கட்டாதீர்கள். உயிர்வேலியோடு நிற்கிற தெருவில் மதில் எழுப்பினால், உங்கள் வீட்டில் இரவில் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. கல்யாணம், கிராமப் பூசை, ஸ்லமத்தான் என்கிற பிரார்த்தனை விருந்து, பக்கத்து வீட்டில் கூரை மாற்றும் வேலை, எல்லாவற்றுக்கும் போய் நிற்க வேண்டும். மொய் நோட்டு அங்கேயும் உண்டு. யார் எவ்வளவு வைத்தார், யார் எத்தனை கிலோ அரிசி கொண்டுவந்தார் என்று எழுதி வைத்துத் திருப்பிச் செய்வார்கள்.

இந்தக் கட்டுக்கோப்பைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் விட்டுவிடும் பக்கமும் ஒன்று உண்டு. ஊர் சேர்ந்து காவல் காக்கிற இடத்தில், திருடன் அகப்பட்டால் போலீஸ் வருவதற்குள் அவனை அடித்தே கொன்றுவிடுவது ஜாவாவில் பலமுறை நடந்திருக்கிறது. கோழித் திருடனுக்கும் மோட்டார் சைக்கிள் திருடனுக்கும் இதே கதி. இதில் குற்றவாளி ஊர் முழுக்க என்பதால் வழக்கு பெரும்பாலும் நிற்காது. 1998-ல், அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி விழுந்த வருஷம், கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கியிலும் சுற்று வட்டாரத்திலும் பில்லி சூனியக்காரர்கள் என்று சந்தேகப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கொலைகாரர்கள் கறுப்பு உடையில் வரும் நிஞ்சாக்கள் என்று வதந்தி பரவ, ஊர் ஊராக ரோந்தா பலமடங்கானது. அந்தக் காவலில் சிக்கி அடிபட்டுச் செத்தவர்களில் வழிதவறிப் போன மனநோயாளிகளும் இருந்தார்கள். அந்நியன் யார் என்று ஊர் முடிவு செய்கிற இடம் அது. ஆகவே தோற்றத்தில் தனியாகத் தெரிகிற நீங்கள், முதல் வாரத்திலேயே பாக் எர்தேயோடு தெருவில் நாலு பேர் பார்க்க நடந்துவிடுவது நல்லது. கூட்டம் கூடி யாரையாவது அடிக்கும் சத்தம் கேட்டால் நடுவில் போகாதீர்கள். ஊராட்சிக்கு என்று ஒதுக்கப்பட்ட போலீஸ்காரர் ஒருவர் இருப்பார், அவர் எண்ணை போனில் வைத்துக்கொண்டு உடனே கூப்பிடுங்கள்.

திருடனைவிட வயல்தான் ஆபத்து. நெல் வயலில் எலித்தொல்லை தாங்காமல், வரப்பைச் சுற்றிக் கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ஸ்ராகென், ங்காவி மாவட்டங்களில் இந்தக் கம்பியில் சிக்கிப் பல விவசாயிகள் செத்திருக்கிறார்கள். தான் போட்ட கம்பியில் தானே விழுந்தவர்கள் அதிகம். போலீஸ் தடை போட்டு, அடுத்தவன் செத்தால் வழக்கும் போடுகிறது, ஆனாலும் ஓயவில்லை. இருட்டில் தெரியாத வயலின் வரப்பில் இறங்கவே கூடாது. தெமாக் மாவட்டத்தின் த்லோகோவெரு கிராமத்தில் வேறு வழி பிடித்தார்கள்: வயல் நடுவே கம்பம் நட்டு மரக்கூடு வைத்துக் கூகை ஆந்தைகளை வளர்த்தார்கள். எலி குறைந்தது, ஊர் பெயர் வாங்கியது. எலி மூத்திரம் கலந்த சேற்றுநீரிலிருந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் உண்டு; காலில் வெட்டுக்காயம் இருக்கும்போது சேற்றில் இறங்காதீர்கள், காய்ச்சல் வந்தால் வயலில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாம்பும் உண்டு. விஷம் துப்பும் ஜாவா நாகம், கட்டு விரியன் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பட்டைப் பாம்பு, காய்ந்த சருகுக்குள் படுத்திருக்கும் மலாய்க் குழிவிரியன் ஆகிய மூன்றுக்கும் பாண்டுங்கில் தயாராகும் நச்சுமுறி மருந்து இருக்கிறது. பச்சை விரியனுக்கு அது கேட்காது.

வீடு விஷயத்தில் ஒன்றை அலட்சியம் செய்யாதீர்கள். 2006 மே 27 விடியற்காலை 6 மணிக்குச் சற்று முன்னால் பக்கத்து யோக்யகர்த்தா நகருக்குத் தெற்கே நிலம் ஒரு நிமிஷம் ஆடியது. 5,700-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பந்துல், கிளாத்தென் மாவட்டங்கள்தான் பெரும் அடி வாங்கியவை. கொன்றது பெரும்பாலும் கம்பி போடாத செங்கல் சுவர்கள். பழைய ஜாவா மர வீட்டில் தேக்குத் தூண்களும் உத்திரமும் ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். ஆட்டத்துக்கு அது நெளிந்து கொடுக்கும். மாமனார் வீடு அப்படி என்றால், 'பழசு, இடித்துவிட்டுக் கட்டலாம்' என்று அவசரப்படாதீர்கள். அதற்குள் வியாபாரிகளும் வருவார்கள். மர வீட்டை அப்படியே பிரித்து லாரியில் ஏற்றி இன்னோர் ஊரில் நிறுத்துவது அங்கே சாதாரணம். நடுவில் உயர்ந்து எழும் ஜோக்லோ கூரை வைத்த நல்ல வீடு, அது நிற்கிற மனையைவிட அதிக விலைக்குப் போவதும் உண்டு. செங்கல்லில்தான் கட்டுவது என்றால் மூலைத் தூண்களுக்குக் கம்பியும், சுவர் தலையில் சுற்றி வரும் கான்கிரீட் பட்டையும் இல்லாமல் ஒரு சுவர்கூட எழுப்பாதீர்கள். வடமேற்கே மெராபி எரிமலை இருக்கிறது. 2010-ல் அது வெடித்தபோது 350-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். முகாமுக்குப் போன குடியானவர்கள் மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும் என்று திரும்பத் திரும்ப மலைக்கு ஏறியது அப்போது அதிகாரிகளுக்குப் பெரிய தலைவலி. உங்கள் ஊர் எந்த அபாய வட்டத்தில் வருகிறது, ஆற்றுப் படுகைக்கு எவ்வளவு தூரம் என்று ஊராட்சி அலுவலகத்தில் வரைபடம் இருக்கும், பார்த்துவிடுங்கள்.

இனி நிலம். நம் பட்டாவுக்குச் சமமாகச் சொல்லத்தக்கது 'செர்த்திஃபிகாத்', தேசிய நில அலுவலகம் தருவது. அதில் முழு உரிமைக்குப் பெயர் 'ஹாக் மிலிக்'. ஆனால் கிராமங்களில் பல வயல்களுக்கு வெகுகாலம் அது இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் 'லெத்தெர் சே' என்று ஒரு பெரிய பதிவேடு இருக்கும், நிலவரி கட்டுவதற்காகக் காலனிக் காலத்திலிருந்து வருவது. அதை வைத்துத்தான் இது இன்னார் வயல் என்பார்கள். சட்டப்படி அது வரிக் கணக்கு, உரிமைப் பத்திரம் இல்லை. வருஷாவருஷம் வரும் வரிச்சீட்டும் அப்படித்தான். 2017-லிருந்து அரசு ஊர் ஊராக மொத்தமாக அளந்து பத்திரம் கொடுத்து வருகிறது. மாமனார் அதில் வாங்கிவிட்டாரா, இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வாங்கியிருந்தால் அடுத்த கேள்வி, பத்திரம் இப்போது வீட்டில் இருக்கிறதா, கடனுக்காக வங்கியில் இருக்கிறதா? நாசூக்காகக் கேளுங்கள்.

பத்திரம் வந்தாலும் வரப்புச் சண்டை தீராது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் வரப்பை மண்வெட்டியால் ஓரம் செதுக்கிச் சேறு பூசுவார்கள். பக்கத்து வயல்காரர் தன் பக்கம் இரண்டு விரல் கூடுதலாகச் செதுக்கினால் ஒரு வருஷத்தில் தெரியாது, பத்து வருஷத்தில் ஒரு வரிசை நாற்று போய்விடும். கால் ஹெக்டேர்காரருக்கு அது பெரிய விஷயம். சுமார் 1.3 லட்சம் சதுர கிலோமீட்டரில் 15 கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் தீவு அது. அரை ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள்தான் விவசாயிகளில் மிகப் பெரும்பான்மை. கோடையில் வாய்க்கால் நீருக்கும் இப்படித்தான் கண் விழிப்பார்கள். வாய்க்கால் நீரைப் பங்கிட்டு விடுகிறவருக்கு 'உலு-உலு' என்று பெயர். அவருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் சம்பளத்துக்குப் பதில் ஊர் வயல் விடுவது பழைய வழக்கம், 'பெங்கோக்' என்பார்கள். நம் பழைய கிராம மானியம்தான். அந்த வயலை யாராவது உங்களுக்கு விற்க வந்தால் ஓடிவிடுங்கள், அது விற்கக்கூடியதே இல்லை.

நிலம் இல்லாதவர்கள் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுகிறார்கள். சரிபாதி என்றால் 'மாரோ', உழுகிறவருக்கு மூன்றில் ஒன்று என்றால் 'மெர்த்தெலு'. ஒத்தி வைப்பதும் உண்டு. 1960-ல் வந்த ஒரு சட்டப்படி, ஒத்தி நிலத்தை 7 வருஷம் அனுபவித்துவிட்டால் பணம் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கிராமத்தில் இதைக் கடைப்பிடிக்கிறவர்களை நான் பார்த்தது குறைவு. அதே காலத்தில் நில உச்சவரம்பும் வந்தது. ஜாவா மாதிரி நெருக்கமான பகுதிகளில் 5 ஹெக்டேர் நன்செய். அதைச் செயல்படுத்துகிறோம் என்று இடதுசாரி விவசாயிகள் சங்கம் 1964 வாக்கில் கிளாத்தெனிலும் மற்ற இடங்களிலும் வயல்களில் இறங்கியது. கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி நடத்திய 1965 - 66 படுகொலைகளில் இந்தோனேசியா முழுக்க 5 லட்சம் அல்லது அதற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, அந்த நிலச் சண்டைகளின் கணக்கும் பல கிராமங்களில் தீர்க்கப்பட்டது. யார் வயல் யாரிடம் எப்படி வந்தது என்று வயதானவர்களிடம் துருவினால் பேச்சு சட்டென்று நின்றுபோகும். நிற்கட்டும், விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். 1960-ன் அடிப்படை நிலச் சட்டம் வெளிநாட்டவருக்கு ஹாக் மிலிக்கை மறுக்கிறது. வாரிசாகவோ திருமணத்தாலோ வந்துவிட்டால்கூட ஒரு வருஷத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும். மைத்துனர் பெயரில் வாங்கி நாம் பணம் போடுவது என்ற குறுக்கு வழியைப் பலர் சொல்வார்கள். அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடலாம், போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. மனைவி இந்தோனேசியக் குடியுரிமையோடு இருக்கும்வரை அவர் வைத்துக்கொள்ளலாம். பிறந்த வீட்டிலிருந்து அவருக்கு வருவது அவருடைய தனிச் சொத்து. திருமணத்துக்குப் பின் வாங்குவது இருவருக்கும் பொது என்று சட்டம் கருதும், அதில் பாதி வெளிநாட்டவருக்கு என்பதால் அங்கேதான் முடிச்சு விழும். முன்பெல்லாம் திருமணத்துக்கு முன்பே சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதியிருந்தால்தான் தப்பிக்கலாம். 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. எழுதாதவர்கள் முதலில் அதை ஒரு நோட்டரியிடம் முடியுங்கள், அப்புறம் நிலம் பேசுங்கள். ஊர், சுல்தான் ஆளுகிற யோக்யகர்த்தா மாகாண எல்லைக்குள் வருகிறது என்றால் இன்னொன்று: அங்கே சில மனைகள் சுல்தானுக்குச் சொந்தமானவை, குடியிருப்பவருக்கு அனுபவ உரிமை மட்டும்தான். 2012 சட்டம் அதை உறுதி செய்துவிட்டது. கிளாத்தெனில் இந்தச் சிக்கல் இல்லை.

பாகப்பிரிவினையில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று என்ற வழக்கமும், எல்லோருக்கும் சமம் என்ற வழக்கமும் இரண்டும் ஜாவாவில் உண்டு. எது என்பதைச் சட்டப் புத்தகத்தைவிட அந்த வீட்டின் சமாதானம்தான் முடிவு செய்யும். பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு வீடு போவது வழக்கம். அது பெரும்பாலும் கடைசிப் பிள்ளை. நீங்கள் போய் அந்த வீட்டில் தங்குகிறீர்கள் என்றால், மனைவியின் உடன்பிறந்தவர்கள் அதை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, ஊராட்சிச் செயலரை வைத்துக்கொண்டு எழுதிப் பத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பேச்சை மனைவி ஆரம்பிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.